சிம்ம ஹென்றியின் உயர்வும் வீழ்ச்சியும்

செல்வமும் சேனையும் ஒருங்கே பெற்ற ஒருவர், தம்மை வீழ்த்த வல்லார் எவருமிலர் என்று எண்ணுவது உலக இயற்கை. அத்தகையோரை வீழ்த்துதற்குக் கடல் கடந்து பகைவர் வரவேண்டுவதில்லை. அவருடைய எல்லைக்கு அப்பால் வாழும் அயலார் மனம் ஒன்றுபட்டு வெறுத்தாலே போதும். இவ்வுண்மைக்கு ஜெர்மனி தேசத்தில் எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஹென்றி என்னும் டியூக்கின் சரித்திரம் தக்க சான்றாகும். சிங்கம் போன்ற வீரத்தால் சிம்ம ஹென்றி என்று பெயர் பெற்ற அவர், இரண்டு பெரும் மாகாணங்களை ஆண்டு, நகரங்களை நிருமித்து, மன்னர் மகளை மணந்து, முடிசூடா வேந்தராய் விளங்கியவர். அத்தகையவர் ஓராண்டிற்குள் யாவற்றையும் இழந்தது எவ்வாறு என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

முதற்கண் அக்காலத்து ஜெர்மனியின் ஆட்சிமுறையைச் சிறிது அறிதல் வேண்டும். அங்கே அரசுரிமை தந்தைக்குப்பின் மகனுக்கு என்று உறுதிப்பட்டிருக்கவில்லை. பிரபுக்களும் மேற்றிராணிமாரும் கூடித் தம்முள் ஒருவரை அரசராகத் தேர்ந்தெடுப்பர். அவ்வரசர் ரோமாபுரி சென்று பாப்பரசர் கையால் முடிசூடப் பெற்றபின் சக்கரவர்த்தி எனப்படுவார். அவருக்குக் கீழ்ப் பெரிய மாகாணங்களை ஆண்டவர்களே டியூக்குகள். டியூக்கின் பதவியும் அதனைச் சார்ந்த நிலங்களும் அரசரிடமிருந்து பெறப்பட்டவை. அரசர் அழைத்தபோது சபைக்கு வருதலும், அவருக்குப் படைத்துணை செய்தலும் அப்பதவிக்குரிய கடமைகள். இவற்றின் வேறாக, ஒவ்வொரு பெருங்குடும்பத்திற்கும் பிதிரார்ஜிதமான சொந்த நிலங்களும் உண்டு. பதவியால் வந்தது ஒன்று, பரம்பரையால் வந்தது மற்றொன்று. இவ்வேற்றுமையை அன்பர்கள் மனத்திற் கொள்வார்களாக. ஹென்றியின் வரலாறு முழுவதற்கும் இதுவே திறவுகோல்.

ஹென்றி வெல்ப் என்னும் பழம்பெருங் குடியிற் பிறந்தவர். அவர் பிறந்தது கி.பி. 1130-ஆம் ஆண்டையொட்டி என்பர். தந்தையார் பெயரும் ஹென்றியே. செருக்கர் என்னும் அடைமொழி பெற்ற அத்தந்தையார் பவேரியா, சாக்ஸனி ஆகிய இரு மாகாணங்களுக்கும் டியூக்காயிருந்தார். தாயார் கெர்ட்ரூட், லோதார் சக்கரவர்த்தியின் ஒரே புதல்வி. 1137-ஆம் ஆண்டில் லோதார் இறந்தபோது, அடுத்த அரசர் மருமகராகிய செருக்கரே என்று பலரும் எண்ணினர். ஆயினும் அவர் மிக்க வலிமையுடையவர் என்ற அச்சமே அவருக்கு எதிராயிற்று. 1138-இல் ஹோஹென்ஸ்டாபன் குடியைச் சேர்ந்த கான்ராட் என்பவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். கான்ராட் அரசரானதும், ஒருவர் இரு மாகாணங்களை வைத்திருத்தல் தகாதென்று கூறி, செருக்கரிடமிருந்து இரண்டையும் பறித்தார். போர் மூண்டது. 1139-இல் செருக்கர் திடீரென்று இறந்தார். அப்பொழுது சிறுவன் ஹென்றிக்கு வயது ஏறக்குறையப் பத்து.

தந்தை இழந்த சொத்தின் ஒரு பகுதியைப் பெண்மக்களே மீட்டனர். பாட்டியாராகிய ரிக்கென்ஸா பேரரசியும் தாயார் கெர்ட்ரூடும் சாக்ஸனியப் பிரபுக்களைத் தம் பக்கம் நிலைநிறுத்தினர். அதன் பயனாக 1142-இல் சாக்ஸனி ஹென்றிக்குக் கிடைத்தது. சமாதானத்தின் பொருட்டுக் கெர்ட்ரூட் பவேரியாவைப் பெற்றிருந்த ஆஸ்திரியக் குடும்பத்தாருள் ஒருவரை மறுமணம் புரிந்து, அடுத்த ஆண்டே காலஞ்சென்றார். தாயும் தந்தையும் அற்ற சிறுவனுக்கு விதி கற்பித்த முதற்பாடம் யாதெனின், ஒத்த நிலையினரின் அச்சம் ஒருவரை வீழ்த்தும் என்பதே. ஆனால் அவர் அப்பாடத்திற் பாதியையே கற்றார். இழந்ததை மீட்கவேண்டும் என்பது மனத்திற் பதிந்தது. இழந்த காரணம் பதியவில்லை.

1152-ஆம் ஆண்டில் கான்ராட் இறக்க, அவருடைய தமையன் மகன் பிரெடரிக் அரசரானார். செந்தாடியுடையவராதலின் இத்தாலியர் அவரைப் பார்பரோஸா என்றழைத்தனர். இவருடைய தாயார் யூடித், செருக்கருடன் பிறந்தவர். ஆகவே பிரெடரிக் ஹென்றிக்கு அத்தை மகன். ஹென்றி பிரெடரிக்குக்கு அம்மான் மகன். இரு குடிகளின் பகையும் தம்மோடு ஒழியவேண்டுமென்று விரும்பிய பிரெடரிக், அம்மான் மகனைத் தம் வலக்கையாக ஏற்றார். 1155-இல் ரோமாபுரியில் முடிசூட்டு நாளன்று நகரத்தார் கலகஞ் செய்தபோது, முன்னின்று பொருதவர்களுள் ஹென்றியும் ஒருவர். 1156-ஆம் ஆண்டில் பவேரியா அவருக்குத் திருப்பியளிக்கப்பட்டது. அதனை விட்டுக்கொடுத்தவர் மனங்கோணாதிருக்க ஆஸ்திரியா தனி மாகாணமாக உயர்த்தப்பட்டது. இவ்வாறு இருபத்தைந்து வயதையடுத்த ஹென்றி, வடக்கே பால்டிக் கடலோரம் முதலாகவும் தெற்கே ஆல்ப்ஸ் மலையடிவாரம் வரையாகவும் பரந்த இரு மாகாணங்களுக்குத் தலைவரானார்.

அதிகாரம் பெற்றுச் சுகித்திருந்தவர் அல்லர் அவர். நாட்டை வளம்படுத்தும் வழி வாணிகமே என்பதை அக்காலத்து அரசருள் அவரைப்போல் உணர்ந்தோர் சிலரே. பவேரியாவில் உப்பு வண்டிகள் ஈசார் நதியைக் கடக்கும் பாலம் பிரைசிங் நகர மேற்றிராணியாருக்குரியதாய், அதன் சுங்கவரி முழுவதும் அவரையே சேர்ந்து வந்தது. ஹென்றி அப்பாலத்தையும் சந்தையையும் அழித்து, நதியின் மேற்பக்கத்தில் வேறு பாலமும் சந்தையும் அமைத்தார். மேற்றிராணியார் சக்கரவர்த்திக்குச் சிற்றப்பன் முறையினர். ஆயினும் 1158-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 14-ஆம் நாள் ஔக்ஸ்பர்க் நகரில் பிரெடரிக் அளித்த தீர்ப்பு ஹென்றிக்கே சாதகமாயிற்று. சந்தை புதிய இடத்திலேயே நிலைக்க, வரியில் மூன்றிலொரு பங்கு மட்டும் மேற்றிராணியாருக்கு என்று விதிக்கப்பட்டது. அப்புதிய இடமே மியூனிக் மாநகரம். அதன் பெயர் முதன்முதல் எழுத்திற் காணப்படுவது இத்தீர்ப்புச் சாசனத்திலேயாம்.

வடக்கே லூபெக் நகரின் கதையும் இதனை ஒத்ததே. ஹோல்ஸ்டைன் பிரபுவாகிய அடால்ப் அங்கே ஒரு துறைமுகத்தை நிறுவினார். வாணிகர் அங்கே திரண்டமையால் ஹென்றிக்குரிய பார்டோவிக் சந்தை வாடிற்று. பாதிப்பங்கு கேட்டார் ஹென்றி, அடால்ப் மறுத்தார். உடனே லூபெக்கில் உணவுப்பண்டமன்றி வேறு பொருள் விற்றல் கூடாதென்று டியூக்கின் தடை பிறந்தது. 1157-இல் நகரம் தீக்கிரையாக, மனந்தளர்ந்த அடால்ப் இறுதியில் அவ்விடத்தை ஒப்புவித்தார். 1159-ஆம் ஆண்டில் ஹென்றி அதனை மீண்டும் கட்டுவித்து, டென்மார்க், ஸ்வீடன், நார்வே, ருஷியா முதலிய நாடுகளுக்குத் தூதனுப்பி, அவ்விடத்து வாணிகர் தடையின்றி வந்துபோகலாம் என்று அறிவித்தார். நாணயச்சாலையும் நகரத்தார்க்குரிய உரிமைகளும் அளித்தார். பிற்காலத்தில் வடகடல் வாணிகத்தைத் தன்வசங்கொண்ட ஹான்ஸா வணிகர் சங்கத்திற்குத் தலைமை நகராய் ஓங்கியது இந்த லூபெக்கே.

எல்பா நதிக்குக் கிழக்கே வாழ்ந்த ஸ்லாவிய மக்கள்மீது ஹென்றி பல படையெடுப்புக்கள் நிகழ்த்தினார். 1160-இல் அவர்களுடைய தலைவர் நிக்லோட் போரில் இறந்தார். அவ்வாண்டிலேயே ஷ்வெரின் நகரம் நிறுவப்பட்டது. கிறிஸ்து மதத்தைப் பரப்புதல் என்று சொல்லப்பட்டாலும், திறைப்பொருளும் நிலமுமே முதல் நோக்கமாயிருந்தன. பழங்குடிகள் பலர் தம் நிலத்தை இழக்க, மேற்கிலிருந்து வந்த குடியேறிகள் அதனை உழுதனர். 1167-இல் நிக்லோட்டின் மகன் பிரிபிஸ்லாவுக்கு நாட்டின் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்து அவரைத் தமக்குக் கீழ்ப்பட்டவராக்கிக் கொண்டது டியூக்கின் அரசியல் அறிவைக் காட்டுகிறது. ஆனால் அறிவு வந்தது குருதி சிந்தியபின்.

அவருடைய சொந்த ஊர் பிரன்ஸ்விக். அங்கே கோட்டையின் முன்றிலில் 1166-ஆம் ஆண்டையொட்டி வெண்கலத்தால் ஒரு சிங்கத்தை வார்ப்பித்து நிறுத்தினார். 1168-இல் இங்கிலாந்து அரசர் இரண்டாம் ஹென்றியின் மகள் மாடில்டாவை மணந்தார். 1172-ஆம் ஆண்டில் பெரும் பரிவாரத்துடன் எருசலேம் யாத்திரை புறப்பட்டபோது, கான்ஸ்டாண்டிநோபிள் நகரில் மானுவேல் சக்கரவர்த்தி அவரை மன்னர்க்குரிய மரியாதையுடன் எதிர்கொண்டார். நாடு திரும்பியபின் பிரன்ஸ்விக்கில் பெரிய தேவாலயம் ஒன்று எழுப்பத் தொடங்கினார். அவருடைய புகழ் உச்சியை அடைந்த காலம் இது.

நிற்க. மரம் உயர உயர நிழலும் பரவும். அந்நிழலில் அடிபட்ட பயிர்கள் எத்தனை என்பதையும் நாம் கணக்கிடுதல் வேண்டும். வாரிசின்றி எந்தப் பிரபு இறப்பினும் அந்நிலம் தம்மதே என்று டியூக் வழக்காடினார். 1144-இல் ஸ்டாடே பிரபு கொலையுண்டார். துறவுநிலையிலிருந்த அவர் தம்பி ஹார்ட்விக் தம் குடும்பச் சொத்தைப் பிரேமன் நகரத் திருச்சபைக்கு எழுதிவைத்தார். அச்சொத்து சிறுவயதினராகிய ஹென்றியின் பக்கத்தாரால் கைப்பற்றப்பட்டது. அந்த ஹார்ட்விக்கே பின்னர்ப் பிரேமனில் அதிமேற்றிராணியாராகி, வாழ்நாளெல்லாம் பகைமை மறவாதிருந்தார். பிரைசிங்கில் பாலமிழந்தவர், லூபெக்கில் துறைமுகமிழந்தவர், ஸ்டாடேயில் நிலமிழந்தவர் என்று குறையுடையோர் பெருகினர். வழக்கு எதுவாயினும் சக்கரவர்த்தியின் தீர்ப்பு பெரும்பாலும் ஹென்றியின் பக்கமே சாய்ந்தது. 1166-ஆம் ஆண்டில் மாக்டபர்க் அதிமேற்றிராணியார் விக்மான், கரடி என்று பெயர்பெற்ற ஆல்பர்ட் பிரபு, துரிங்கியா நாட்டு லுட்விக் முதலியோர் ஒன்றுகூடிப் போர் தொடங்கினர். அப்போதும் சக்கரவர்த்தி இடையிற் புகுந்து ஹென்றியைக் காத்தார். குறைகள் தீர்க்கப்படவில்லை, அடக்கிவைக்கப்பட்டன. இடியும் மழையும் நிறைந்த வானத்தின்கீழ் ஹென்றி நனையாதிருந்தது, அத்தை மகன் பிடித்த குடையினால் என்க. குடையைத் தம் கையே தாங்குகிறது என்று அவர் கருதினார் போலும்.

அக்குடை சாய்ந்த விதத்தை இனிக் கூறுவோம். வட இத்தாலிய நகரங்கள் சக்கரவர்த்திக்கு அடங்காது சங்கமமைத்து எதிர்த்தன. மூன்றாம் அலெக்ஸாந்தர் என்னும் பாப்பரசர் அவற்றுக்குத் துணையாயிருந்தார். 1174-இல் பிரெடரிக் ஐந்தாம் முறையாக இத்தாலிமேற் படையெடுத்தார். அலெஸாந்திரியா நகரின் முற்றுகை பயன்படவில்லை, படை குறைந்தது. 1176-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஆல்ப்ஸ் மலைச்சாரலிலுள்ள கியாவென்னா என்னுமிடத்தில் அவர் ஹென்றியைச் சந்தித்து உதவி வேண்டினார். சக்கரவர்த்தி அம்மான் மகன் முன் முழந்தாளிட்டார் என்றுகூடப் பிற்காலத்து நூல்கள் எழுதியிருக்கின்றன. அது மெய்யோ மிகைப்படுத்திய கூற்றோ என்று அறிஞர் ஐயுறுவர். ஹென்றி உதவிக்கு விலையாகக் கோஸ்லார் நகரைக் கேட்டார் என்பது அக்காலத்தையடுத்துச் சரித்திரம் எழுதியோர் கூற்று. கோஸ்லார் வெள்ளிச் சுரங்கத்தையுடைய செல்வநகரம். அரசருடைய நேரான உடைமைகளில் முதன்மையானது. பிரெடரிக் அதனைக் கொடுக்க இசையவில்லை. ஹென்றி படையின்றித் திரும்பினார்.

சட்டத்தை மட்டும் நோக்கினால், அவ்வாறு வேண்டியபோது உதவியே தீரவேண்டும் என்ற கட்டாயம் ஹென்றிக்கு இருந்ததில்லை என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். ஆனால் இருபதாண்டுக் காலமாகச் சக்கரவர்த்தி அவருக்குச் செய்ததும் சட்டத்தின் கட்டாயத்தால் அன்று. உறவையும் நன்றியையும் வாணிகமாக்கி விலைபேசிய அந்நாளில் இருவருக்கிடையே இருந்த பிணிப்பு அறுந்தது. 1176-ஆம் ஆண்டு மே மாதம் 29-ஆம் நாள் லெஞ்ஞானோ என்னுமிடத்தில் சக்கரவர்த்தியின் படை முறியடிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு வெனிஸ் நகரில் அவர் பாப்பரசருடன் சமாதானஞ் செய்துகொண்டார்.

பிரெடரிக் பழிவாங்க விரைந்தார் என்று நினைத்தல் தவறு. அவர் செய்தது ஒன்றே: குடையை மடக்கினார். 1178-ஆம் ஆண்டு நவம்பரில் ஸ்பையர் நகரிற் கூடிய சபையில் ஹென்றி தம் அயலார்மேற் குறைகூற, அயலார் அவர்மேற் குறைகூறினர். இம்முறை சக்கரவர்த்தி பிரபுக்களின் முறையீட்டை ஏற்று விசாரணைக்கு நாள் குறித்தார். 1179-ஆம் ஆண்டு ஜனவரியில் வார்ம்ஸ் நகருக்கு அழைக்கப்பட்டார் ஹென்றி, வரவில்லை. மாக்டபர்க்கிற்கு அழைக்கப்பட்டார், அங்கும் வரவில்லை. மீண்டும் அழைத்தும் பயனில்லை. அரசர் அழைத்தால் வருதல் பதவிக்குரிய கடமையென்று முன்னரே கூறினோம். கியாவென்னாவில் உதவி மறுத்தது நன்றியின்மையாகலாம். சபைக்கு வர மறுத்ததோ சட்டத்தை மீறிய குற்றம். 1180-ஆம் ஆண்டு ஜனவரியில் உர்ட்ஸ்பர்க் சபையில் பிரபுக்கள் கூடி, பதவியால் வந்த யாவும் ஹென்றியை விட்டு நீங்குக என்று தீர்ப்புக் கூறினர்.

அத்தீர்ப்பை அளித்தவர்களே பங்காளிகளுமாயினர். ஏப்ரல் மாதம் 13-ஆம் நாள் கெல்ன்ஹௌஸன் அரண்மனையில் எழுதிய சாசனத்தால் சாக்ஸனி இரண்டாக்கப்பட்டது. மேற்குப் பகுதி கொலோன் நகர அதிமேற்றிராணியார் பிலிப்புக்கும், எஞ்சியது கரடி ஆல்பர்ட்டின் மகன் பெர்ன்ஹார்டுக்கும் சேர்ந்தன. செப்டம்பரில் பவேரியா விட்டெல்ஸ்பாக் குடியினராகிய ஓட்டோவுக்கு அளிக்கப்பட்டது. அக்குடும்பத்தார் 1918-ஆம் ஆண்டுவரை அதனை ஆண்டனர். சக்கரவர்த்தி தமக்கென்று ஒரு மாகாணத்தையும் வைத்துக்கொள்ளவில்லை. வைத்துக்கொள்ளவும் பிரபுக்கள் இடந்தந்திரார்.

ஹென்றி வாளேந்தினார். 1180-இல் துரிங்கியா நாட்டுப் போரில் வென்று அந்நாட்டுத் தலைவரையே சிறைபிடித்தார். ஆயினும் குறித்த நாளுக்குள் அவரைவிட்டு நீங்காதவர் தம் நிலத்தை இழப்பர் என்று சக்கரவர்த்தி ஆணையிட்டவுடன், அவருடைய உப்பைத் தின்று வளர்ந்த வீரரும் ஒருவர்பின் ஒருவராக விலகினர். அச்சத்தால் அடங்கியிருந்தோர், அதனினும் பெரிய அச்சம் வந்தபோது அகன்றனர், இதில் வியப்பில்லை. வியப்பு லூபெக் நகரத்தார் செய்கையே. 1181-இல் சக்கரவர்த்தி நேரில் வந்து நகரை வளைந்தபோது, அவர்கள் தம் மேற்றிராணியாரை அவரிடம் அனுப்பி, நகரைத் தந்தவர் ஹென்றியாதலின் அவரைக் கேட்டறியாமற் கதவு திறத்தல் முறையன்றென்று கூறி விடைவேண்டினர். சக்கரவர்த்தியும் இசைந்தார். ஹென்றியின் சம்மதம் பெற்ற பின்னரே கதவு திறந்தது. உதவி செய்து வளர்க்கப்பட்டவர்களுக்கும் அடக்கி ஆளப்பட்டவர்களுக்கும் உள்ள வேற்றுமை இதுவாம்.

1181-ஆம் ஆண்டு நவம்பரில் எர்பர்ட் நகரில் ஹென்றி சக்கரவர்த்தியின் பாதத்தில் வீழ்ந்தார். பிரெடரிக் கண்ணீருடன் அவரைத் தூக்கி முத்தமிட்டார் என்பர். கண்ணீர் மெய்யாயினும் மாகாணங்கள் திரும்பவில்லை. பிரபுக்களின் சம்மதமின்றித் திருப்பித்தர முடியாத நிலையில் சக்கரவர்த்தியும் இருந்தார். பிதிரார்ஜிதமாகிய பிரன்ஸ்விக், லூனபர்க் நிலங்கள் மட்டும் ஹென்றிக்கு விடப்பட்டன. மூன்றாண்டு நாடுகடந்து வாழ வேண்டுமென்றும் விதிக்கப்பட்டது. 1182-இல் அவர் மனைவி மக்களுடன் மாமனாரை அடைந்தார். அங்கே, இங்கிலாந்திலுள்ள வின்செஸ்டர் நகரில் 1184-இல் வில்லியம் என்னும் மகன் பிறந்தான்.

1185-இல் நாடு திரும்பியவருக்கு அமைதி கிட்டவில்லை. 1189-இல் சக்கரவர்த்தி சிலுவைப்போருக்குப் புறப்படும்போது, உடன்வருதல், உரிமைகளைக் கைவிடுதல், மீண்டும் மூன்றாண்டு நாடுகடத்தல் என்னும் மூன்றில் ஒன்றைத் தெரிந்துகொள்ளச் சொன்னார். ஹென்றி நாடுகடந்தார். அவ்வாண்டு ஜூனில் பிரன்ஸ்விக்கில் மாடில்டா இறந்த பின்னர், வாக்கை மீறித் திரும்பி வந்தார். துன்பக் காலத்தில் தம்மைப் புறக்கணித்த பார்டோவிக் நகரை அவ்வாண்டு அக்டோபரில் தரைமட்டமாக்கினார். ஒருகாலத்தில் எந்தச் சந்தையின் நலத்துக்காக லூபெக்கை ஒடுக்கினாரோ, அதனையே தம் கையால் அழித்தார். சினம் முதுமையிலும் அவரைவிட்டு அகலவில்லை.

1190-இல் பிரெடரிக் சக்கரவர்த்தி சின்னாசியாவில் ஓர் ஆற்றில் மூழ்கி இறந்தார். அவர் மகன் ஆறாம் ஹென்றியுடனும் பூசல் தொடர்ந்தது. இறுதியில் டியூக்கின் மூத்த மகன் சக்கரவர்த்தி குடும்பத்துப் பெண்ணாகிய ஆக்னஸ் என்பாளை மணந்தமையால், 1194-இல் இரு குடிகளும் சமாதானமடைந்தன. பழைய சரித்திர நூல்களைத் தொகுப்பித்து, உறக்கம் வராத இரவுகளில் அவற்றைப் படிக்கச்செய்து கேட்டுக்கொண்டிருந்தார் முதியவராகிய ஹென்றி. 1195-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 6-ஆம் நாள் பிரன்ஸ்விக்கில் அவருடைய ஆவி பிரிந்தது. தாம் எழுப்பிய தேவாலயத்தில் மனைவியின் அருகே அடக்கஞ் செய்யப்பெற்றார்.

அவருக்குப்பின் எஞ்சியவை எவை? மகன் நான்காம் ஓட்டோ 1209-இல் சக்கரவர்த்தியாகிப் பின் அதிகாரமிழந்தார். நாடுகடந்த இடத்திற் பிறந்த வில்லியத்தின் மகனுக்கு 1235-இல் பிதிரார்ஜித நிலங்களே பிரன்ஸ்விக்-லூனபர்க் என்னும் தனி மாகாணமாக உயர்த்தப்பட்டன. அவ்வழியில் வந்த ஜார்ஜ் 1714-இல் இங்கிலாந்தின் அரியணை ஏறினார். நம் தேசத்துக்குச் சக்கரவர்த்தினியெனப்பட்ட விக்டோரியா ராணியும் அவ்வழியினரே. ஹென்றி தேவாலயத்துக்கென்று எழுதுவித்த சித்திரச் சுவிசேஷ ஏடு 1983-இல் லண்டன் ஏலத்தில் 3 கோடியே 25 இலட்சம் மார்க்கு விலைபெற்று ஜெர்மனிக்குத் திரும்பியது. மியூனிக்கும் லூபெக்கும் இன்றும் பெருநகரங்கள். வெண்கலச் சிங்கம் பிரன்ஸ்விக் கோட்டையுள் காக்கப்படுகிறது. முன்றிலில் அதன் பிரதி நிற்கிறது.

அன்பர்களே! ஹென்றி கோழையல்லர், சோம்பரல்லர், அறிவிலியுமல்லர். பிறர் தயவால் வந்த பதவியைத் தம் சொந்தப் பலமென்று எண்ணினார். அயலார் மனத்திற் படிந்த குறையைப் பொருட்படுத்தாது விட்டார். தம்மைத் தாங்கிய கை உதவி வேண்டி நீண்டபோது அதனிடம் விலை கேட்டார். அவர் பறித்தவற்றைப் பிறர் பறித்துக்கொண்டனர். அவர் வளர்த்தவை அவரை மறக்கவில்லை. வலிமையுடையோர் தம் வலிமையை அளக்கும்போது, எத்தனைபேர் தமக்கு அஞ்சுகின்றனர் என்று எண்ணுவதோடு நில்லாமல், கதவு திறக்குமுன் தம்மைக் கேட்க விரும்புவோர் எத்தனைபேர் என்பதையும் எண்ணிப் பார்ப்பார்களாக.